நாற்பத்திரண்டில் உருகுவேவுக்கு நான் கொடுத்த கிண்ணம்

பாடமாக்குகிறவர்களை நான் முப்பத்தொரு வயது வரைக்கும் மதித்ததே இல்லை. மூளை இல்லாதவர்கள் செய்கிற வேலை அது என்று மனதார நம்பியிருந்தேன். வெளியிலும் சொல்லித் திரிந்தேன். (கடவுள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.)

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு டியூஷன் வகுப்பு. கணிதம். சுவரில் என் கையாலேயே இரண்டு வாசகங்கள் எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்று, "பாடமாக்காதே, விளங்கிக்கொள்." மற்றது, "விடையைச் சரிபார்க்காதவன் கணக்கே செய்யவில்லை." இரண்டாவதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது.

பக்கத்து அறையில் ஆங்கிலம் படிப்பித்தவள் டிலானி. இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். அவள் வகுப்பில் பகிடி விட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் பகிடி விட்டால் என் வகுப்பும் சிரிக்காது. கோபம் வந்து தட்டியைத் தட்டப் போனவன் இரண்டு வருடத்தில் அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் நின்றேன்.

அவள் கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கப் பிள்ளை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் ஒண்டிக்கொண்ட சைவக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான். அம்மா சம்மதிக்க எட்டு மாதம் எடுத்தது. முதல் நாலு மாதம் அழுகை, அடுத்த நாலு மாதம் "உன்ர விருப்பம்." அந்த "உன்ர விருப்பம்" அழுகையைவிடக் கொடுமை.

மிச்சம் இருந்தது டிலானியின் அப்பா. சவரிமுத்து அங்கிள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆள் அதிகம் கதைக்க மாட்டார். ஒருக்கால் "இல்லை" என்றால் பிறகு பாப்பரசரே வந்து கேட்டாலும் இல்லைதான் என்று டிலானி முதலே எச்சரித்திருந்தாள். நான் போய் முன்னால் இருந்தேன். பிளேன்டீ வந்தது. அது ஆறிப் போன பிறகு மனிசன் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சாதகம் எல்லாம் நாங்க பாக்கிறதில்ல மகன்," என்றார் கடைசியில். "சீதனக் கதையும் வேணாம். கோயில் விசயத்த நீங்க ரெண்டு பேரும் பேசிக்கொள்ளுங்க. ஆனா எங்க ஒழுங்கைக்கு ஒரு வழக்கம் இருக்கு."

"சொல்லுங்கோ அங்கிள்."

"உலகக் கிண்ணம் பைனல் அன்னைக்கு, இந்த ஒழுங்கைக்கு மருமகனா வரப்போற ஆள் சனத்துக்கு முன்னால நிண்டு சம்பியன்மார் எல்லாரையும் சொல்லணும். முப்பதில இருந்து. தாள் பாக்காம."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "சொல்லாட்டி?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் யாரும் சொல்லாம விட்டதில்ல," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. சொன்னால் டிலானி, சொல்லாவிட்டால் பலகைத் தட்டி.

கொட்டாஞ்சேனையில் உதைபந்தாட்டம் ஒரு விளையாட்டு இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் கிரிக்கெட் பார்ப்போம், இடையில் தேத்தண்ணி குடிப்போம், தோற்றால் டீவியை நிற்பாட்டுவோம். அங்கே தோற்றால் அடுப்பு எரியாது. அந்த ஒழுங்கையில் பாதி பிரேசில், பாதி ஆர்ஜென்டினா. ஒரே வீட்டில் இரண்டு கொடியும் பறந்து, புருசனும் பெண்சாதியும் ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டாம். மன்றாட்டு மாலை சொல்வது போலத்தான் சம்பியன்மாரைச் சொல்வார்கள் என்றாள் டிலானி. நிற்கிறவன் வருடத்தையும் நாட்டையும் சொல்ல, சனம் முழுவதும் "ஓம்!" என்று பதில் சொல்லும்.

அவளே ஒரு தாளில் இருபது பெயரையும் வரிசையாக எழுதித் தந்தாள். உருகுவே, இத்தாலி, இத்தாலி, உருகுவே, மேற்கு ஜேர்மனி என்று போனது அது.

"வருசத்தையும் எழுதித் தரட்டா?"

"ஏன் வருசம்? முப்பதில துவங்கி நாலு நாலாக் கூட்டினாச் சரி. இது சும்மா கூட்டல் விருத்தி. முதலாம் உறுப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, பொது வித்தியாசம் நாலு."

"ஆனா இடையில..."

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளைக்குத் தூக்குகிற அதே கை. "டிலானி, நான் கணக்கு மாஸ்டர்."

அவள் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். (கலியாணத்துக்குப் பிறகு கேட்டேன், ஏன் அன்றைக்குச் சொல்லித் தொலைக்கவில்லை என்று. "மாஸ்டருக்குத் தெரியாதோ எண்டு நினைச்சன்," என்றாள். மாஸ்டருக்குத் தெரியாது.)

இரண்டு கிழமை அந்த இருபது பெயரையும் பாடமாக்கினேன். ஓம், பாடமாக்கினேன். பாமன்கடைச் சந்தியில் மரக்கறி வாங்கும்போதும், கொள்ளுப்பிட்டியில் பஸ் நெரிசலில் நிற்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நான் ஏதோ நேர்த்தி வைத்திருப்பதாக நினைத்து இடம் விட்டார்கள். ஆனால் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு ஆச்சரியம் ஊறத் தொடங்கியது. உலகம் முழுவதும் ஓடுகிறது, உதைக்கிறது, விழுகிறது, அழுகிறது. இருபது தடவை கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள். வென்றது எட்டே எட்டு நாடுகள். எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் எண்ணினேன். எட்டுத்தான். (அதை மட்டும் சரிபார்த்த விண்ணன், வேறொன்றையும் சரிபார்க்கவில்லை.)

இரண்டாயிரத்துப் பதினெட்டு, ஜூலை, இறுதி ஆட்டத்து ஞாயிற்றுக்கிழமை. பிரேசிலும் இல்லை, ஆர்ஜென்டினாவும் இல்லை. பிரான்ஸும் குரோஷியாவும் விளையாடுகின்றன. ஆனாலும் ஒழுங்கை நிறைய மஞ்சள் சட்டையும் நீலக்கோட்டுச் சட்டையும்தான். அம்மா பட்டுச் சேலை உடுத்து, ஒரு பெட்டி லட்டோடு வந்திருந்தா. "ஃபுட்போல் பாத்து மாப்பிள்ளை எடுக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்," என்று முச்சக்கர வண்டி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தவ, அங்கே இறங்கியதும் வாயை மூடிக்கொண்டா. அவ்வளவு சனம்.

பின்னேரம் ஆறு மணி. ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. திரை கட்டியாயிற்று, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டாயிற்று, ஆட்டங்களுக்கு வாசிக்கிற பப்பரே பேண்ட் எக்காளத்தோடு ஒரு ஓரத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு மேசை. மேசையில் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி. சவரிமுத்து அங்கிள் அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சேர்ட் போட்டு நின்றார். மாப்பிள்ளைக்குச் சப்பாத்து கொடுப்பார்களாக்கும் என்று நினைத்தேன். நல்ல மனிசர், ஆனால் அளவு கேட்கவில்லையே என்று எட்டிப் பெட்டி மேல் இருந்த இலக்கத்தைப் பார்க்கவும் முயன்றேன். (வெட்கம் கெட்டவன்.)

ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். டிலானி முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. உருகுவே!"

"ஓம்!"

அப்படி ஒரு ஓம்! முன்னூறு தொண்டை ஒன்றாகச் சொன்னால் நெஞ்சுக்கூடு அதிரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"முப்பத்து நாலு. இத்தாலி!"

"ஓம்!"

"முப்பத்தெட்டு. இத்தாலி!"

"ஓம்!"

இந்த ஓம்களுக்கு நடுவில் நான் பூமியில் இருந்து ஒரு சாண் எழும்பிவிட்டேன். அந்த நேரம் சவரிமுத்து அங்கிள் சப்பாத்துப் பெட்டியின் மூடியைத் திறந்தார். சனம் முழுவதும் எழும்பித் தலையைக் குனிந்தது. பேண்ட்காரர்கூட எக்காளத்தை இறக்கிவிட்டார்கள். என் ஞாபகசக்தியைக் கண்டு சனம் மலைத்துப்போய் நிற்கிறது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். ஆகவே குரலை இன்னும் உயர்த்தினேன்.

"நாற்பத்திரண்டு! உருகுவே!"

ஓம் இல்லை. தலைகள் நிமிர்ந்தன.

"நாற்பத்தாறு! மேற்கு ஜேர்மனி!"

"ஐயோ மகன்," என்றார் மஞ்சள் சட்டைக் கிழவர் ஒருவர், "அந்த நாடே அப்ப பிறக்கலியே!"

நிற்பாட்டியிருக்கலாம். புத்தி உள்ளவன் நிற்பாட்டியிருப்பான். ஆனால் நான் பெயர்களை வரிசையாகத்தான் பாடமாக்கியிருந்தேன், இடையில் விட்டால் திரும்பவும் முப்பதில் இருந்து தொடங்க வேண்டும். அத்தோடு கூட்டல் விருத்தி ஒருநாளும் பிழைக்காது.

"ஐம்பது! பிரேசில்!"

அந்த மஞ்சள் சட்டைக் கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண் வாயில் சேலைத் தலைப்பை வைத்தாள். வெளியே வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் "மல்லி! மொகத மே கியன்னே?" என்று கத்தினார். என்னடா தம்பி சொல்லுகிறாய் என்று சிங்களத்திலும் கேட்டாயிற்று. நான் ஐம்பத்து நாலுக்கும் பிரேசிலைக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டை இங்கிலாந்துக்குக் கொடுத்தேன்.

அறுபத்திரண்டு பிரேசில் என்றேன். "ஓம்!" என்று சனம் திடுக்கிட்டுச் சொன்னது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது போல, என் பிழை சுற்றி வந்து ஒரு சரியில் மோதியிருந்தது. அந்த ஒரு ஓம் என்னைக் கெடுத்தது. புது உற்சாகம் வந்துவிட்டது. அறுபத்தாறை மேற்கு ஜேர்மனிக்குத் தூக்கிக் கொடுத்தேன். அது இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்திடம் தோற்ற வருடம் என்பது எனக்குத் தெரியாது. தொண்ணூறைப் பிரான்ஸுக்குக் கொடுத்தேன். அந்த வருடம் பிரான்ஸ் போட்டிக்கே வரவில்லையாம். எழுபத்தெட்டிலும் தொண்ணூற்று நாலிலும் தற்செயலாகச் சரி வந்து இரண்டு ஓம் கிடைத்தது. மிச்சத்துக்கெல்லாம் சிரிப்பு. முதலில் பிள்ளைகள், பிறகு பேண்ட், பிறகு ஒழுங்கை முழுவதும்.

"இரண்டாயிரத்து ஆறு! ஜேர்மனி!"

அத்தோடு என் நாடுகள் முடிந்துவிட்டன.

இருபது பெயரும் போய்விட்டன. ஆனால் இரண்டாயிரத்துப் பத்து மிச்சம் இருக்கிறது, பதினாலும் மிச்சம் இருக்கிறது. அப்போதுதான் என் மண்டையில் கணக்கு ஓடியது. இருபதாம் உறுப்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதோடு பத்தொன்பது தரம் நாலு, எழுபத்தாறு. இரண்டாயிரத்து ஆறு. கடைசிக் கிண்ணம் பதினாலில் நடந்தது எனக்கே தெரியும், டீவியில் பார்த்தவன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வரி சரிபார்த்திருந்தால்! வெள்ளவத்தையில் சுவரில் எழுதி வைத்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் வந்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

"ரெண்டு வருசம் மிச்சம் கிடக்கு மாஸ்டர்," என்றது பின்னால் ஒரு குரல். "இலங்கைக்குக் குடுத்துருங்க!"

சிரிப்பு ஒழுங்கையின் அந்த மூலைக்கும் போய்த் திரும்பி வந்தது. சவரிமுத்து அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. திறந்த பெட்டியைப் பார்த்தபடி நின்றார். முடிந்தது என்று நினைத்தேன். நாலு மாதத்து அழுகை, இரண்டு வருடக் காதல், எல்லாம் போச்சு. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிலானி எழும்பி வந்து என் கையில் இருந்து ஒலிவாங்கியைப் பறித்தாள். கண்ணெல்லாம் கோபம்.

"நாப்பத்திரண்டிலயும் நாப்பத்தாறிலயும் கிண்ணம் நடக்கல," என்றாள். சனத்துக்கு இல்லை, எனக்குத்தான் சொன்னாள். ஒலிவாங்கியில் சொன்னதால் எல்லாருக்கும் கேட்டது. "யுத்தம். உலகமே ஒண்டை ஒண்டு சுட்டுக்கொண்டு இருந்தது, ஆர் பந்து விளையாடுறது? கிண்ணம் அப்ப இத்தாலியில இருந்தது. முப்பத்தெட்டில வெண்டவங்க. அங்க ஒரு மனிசன் அதை ஆமிக்காரன் எடுத்திருவான் எண்டு பயந்து, சப்பாத்துப் பெட்டிக்குள்ள போட்டுக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வச்சாராம். உலகத்தின்ர கிண்ணம் கட்டிலுக்குக் கீழ கிடந்தது. அதுக்குத்தான் நாங்க ரெண்டு வருசத்துக்கும் பேசாம நிக்கிறது."

சனம் சிரிப்பதை நிறுத்தியிருந்தது.

"ஐம்பதில பிரேசில் தங்கட ஊரில, கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் சனத்துக்கு முன்னால, சமன் செஞ்சாலே போதும் எண்ட ஆட்டத்தில உருகுவேயிட்ட தோத்தது. ரெண்டுக்கு ஒண்டு. அதுக்குப் பிறகுதான் வெள்ளைச் சட்டைய விட்டுட்டு மஞ்சளுக்கு மாறினவங்க. இங்க இத்தின பேர் போட்டிருக்கிற மஞ்சள் அந்தத் தோல்வியால வந்தது. நீங்க அதை வெற்றி எண்டு சொல்றீங்க!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவமானத்தால் பாதி, பிரமிப்பால் பாதி. இரண்டு கிழமையாக நான் வாயில் போட்டு உருட்டிக்கொண்டு திரிந்த இருபது வெறும் பெயர்களுக்குள் இவ்வளவு பெரிய உலகம் இருந்திருக்கிறது. இவள் அதற்குள்ளேயே வளர்ந்திருக்கிறாள். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் நான் என்ன கண்டேன்?

"இந்தப் பெட்டி..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். அவள் குரல் தணிந்தது. "எண்பத்து மூண்டு கலவரத்தில அப்பாவுக்குப் பதினேழு வயசு. புதுசா பூட்ஸ் வாங்கினவர். கிளப்புக்கு விளையாடக் கூப்பிட்டிருந்தாங்க. வீட்டை எரிக்க வாறாங்க எண்டதும், பூட்ஸை வெளிய கொட்டிட்டு, எல்லாற்ற பிறப்புச் சேட்டிபிக்கட்டையும் இதுக்குள்ள போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினவர். பெட்டி மிஞ்சினது. பூட்ஸ் எரிஞ்சிட்டுது."

நான் யுத்தத்தை நாலு நாலாகக் கூட்டித் தாண்டிப் போயிருந்தேன். முழு உலக யுத்தத்தையும், ஒரு பொது வித்தியாசம் வைத்து.

அப்போது முன் வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது. அம்மா. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே மேசைக்கு வந்தா. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா. உள்ளே ஒன்றும் இல்லை. பழுப்பேறிய கடதாசி மட்டும்.

"எங்களிட்ட பிஸ்கட் தகரம் அண்ணை," என்றா சவரிமுத்து அங்கிளிடம். "இவன்ர சேட்டிபிக்கட்டும் என்ர தாலியும் இவன்ர தகப்பன்ர படமும். ஐஞ்சு இடம் மாறினம். தகரத்தை மட்டும் விடேல்ல."

அங்கிள் அம்மாவுக்குத் தன் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்க தங்கச்சி." பிறகு என்னைப் பார்த்தார். அன்று பின்னேரம் முதல் தடவையாக.

"மாஸ்டர், உங்க வகுப்பில ஒரு பிள்ள பிழை விட்டா என்ன செய்வீங்க?"

"திருப்பிச் செய்யச் சொல்லுவன் அங்கிள்."

"அப்ப செய்யுங்க."

திருப்பிச் செய்தேன். முப்பது, முப்பத்து நாலு, முப்பத்தெட்டு. மூன்று ஓம். பிறகு நாற்பத்திரண்டு என்று வருடத்தை மட்டும் சொல்லி வாயை மூடினேன். சனம் எழும்பி நின்றது. அம்மாவும் நின்றா. நாற்பத்தாறு. திரும்பவும் மௌனம். ஒழுங்கையில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை, துறைமுகத்தில் ஒரு கப்பல் மட்டும் ஊதியது. "ஐம்பது. உருகுவே," என்று மெதுவாகச் சொன்னேன். ஓம் என்றது சனம், அதுவும் மெதுவாக. மஞ்சள் சட்டைக் கிழவர் தலையாட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு பெயரும் தன் தன் வருடத்தில் போய் உட்கார்ந்தது. ஐம்பத்தெட்டு பிரேசில் என்றபோது எழும்பிய ஓமில் திரையே ஆடியது. பதினாலு ஜேர்மனி என்று முடித்தேன். இருபதாவது பெயர், கடைசி வருடம். ஒன்றும் மிஞ்சவில்லை. முப்பத்தொரு வருட வாழ்க்கையில் நான் செய்த கணக்குகளில் அழகானது அதுதான், அதைச் செய்தவன் நான் இல்லை என்றாலும்.

சவரிமுத்து அங்கிள் பெட்டியை மூடினார். "கலியாணத்துக்கு நாள் பாருங்க தங்கச்சி," என்றார் அம்மாவிடம். லட்டுப் பெட்டியை என் கையில் தந்து எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். பிரான்ஸ் வென்ற ஆட்டத்தில் முதல் பாதி முழுவதும் நான் லட்டு பரிமாறினேன். எடுத்த ஒவ்வொருவரும் "ஐம்பதில யாரு மாஸ்டர்?" என்று கேட்டுத்தான் எடுத்தார்கள்.

கலியாணம் நடந்தது. மாதா கோயிலிலும் நடந்தது, சைவமாகவும் நடந்தது. அம்மா இப்போது ஆர்ஜென்டினா. என்னைவிட அவவுக்குத்தான் கொட்டாஞ்சேனையில் மதிப்பு. வகுப்புச் சுவரில் இருந்த முதல் வாசகத்தை நான் கிழித்துவிட்டேன், இரண்டாவதைப் பெரிய எழுத்தில் திருப்பி எழுதினேன்.

வீட்டில்தான் தண்டனை முடியவில்லை. நான் ஏதாவது ஒன்றை அடித்துச் சொன்னால் போதும். இந்த வழியால் போனால் கல்கிசைக்குச் சுருக்கு, இண்டைக்கு மழை வராது, கறிக்கு உப்புக் காணாது, எதுவாக இருந்தாலும் சரி. உடனே அம்மாவும் டிலானியும், வந்திருந்தால் சவரிமுத்து மாமாவும், செய்கிற வேலையை விட்டுவிட்டு எழும்பி நின்று, தலையைக் குனிந்து மௌனம் காப்பார்கள். எங்கள் மகளுக்கு இப்போது நாலு வயது. ஏன் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அப்பா வாயைத் திறந்து ஏதாவது உறுதியாகச் சொன்னால், விளையாட்டுச் சாமானைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முதலில் எழும்பி நிற்கிறவள் அவள்தான்.